ரிலே நல்லாத்தான் இருக்கு

உள்ளறையிலிருந்து டம்ளரைக் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. டங். டங். இரண்டு முறை.

காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையையும் ஒரு தோளையும் நுழைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்த லைட்டக்கா, பிடித்திருந்த ரிலேயை விட்டுவிட்டுப் பல்லைக் கடித்தாள். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் வேண்டாம். காலையிலிருந்து இது ஐந்தாவது வேண்டாம்.

"கழட்டிப் பாக்கறேன்னுதானேங்க சொன்னேன்? பக்கத்துலயே ஹாரன் ரிலே இருக்கு, அதே சைஸ். ரெண்டையும் இடம் மாத்திப் போட்டா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்!" என்று கொட்டகைச் சுவரில் இருந்த ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் உள்ளறை.

டங். டங்.

"யாரு அண்ணி, அப்பலேருந்து கதவைத் தட்டிக்கிட்டே இருக்கறது?" என்றாள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாத்தனார். கார் அவளுடையது.

"கதவு இல்லம்மா. உங்கண்ணன் பேசறாரு."

நாத்தனார் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாராம்?"

அண்ணன் என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து ஆறு வருஷமாகிறது.

"ரிலே நல்லாத்தான் இருக்காம். சாவி போட்டா டிக்னு சத்தம் வருதாம். டிக் வந்தா ரிலே உயிரோட இருக்குன்னு அர்த்தமாம். வேற எங்கயாவது பாக்கணுமாம்."

"ரெண்டு தட்டுல இவ்வளவும் சொல்லிட்டாரா?"

"பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். மீதியை நானே போட்டுக்குவேன்."

ரிலே என்பது தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. சாவியைத் திருப்பியதும் உள்ளே இரண்டு உலோகப் பொட்டுகள் டிக்கென்று ஒட்டிக்கொண்டு இன்ஜினுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். இவ்வளவுதான் அதன் வேலை. இந்தக் காரில் அது பச்சை நிறத்தில், டாஷ்போர்டுக்கு அடியில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. காலையிலிருந்து லைட்டக்காவின் விரல் அதன்மேல் நாலைந்து தடவை போய், நாலைந்து தடவை திரும்பி வந்துவிட்டது.

வண்டிகளின் மின்சார வேலைக்கு அந்தத் தெருவில் ஒரே வீடுதான். அந்த வீட்டுக்காரரைக் காதுக்காரர் என்பார்கள். போனட்டைத் திறக்காமல், சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "சாவியைத் திருப்புங்க" என்பார். டிக், கர்ர், உய்ங் என்று வருகிற சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "மூணாவது சத்தம் நோஞ்சானா இருக்கு" என்பார். மூன்றாவது சத்தம் எதிலிருந்து வருகிறதோ அதைக் கழற்றினால் அங்கேதான் கோளாறு இருக்கும்.

அவர் மனைவிக்கு லைட்டக்கா என்று பெயர் வந்தது, எந்நேரமும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நின்றதால். எதற்கு எந்நேரமும் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள். காதுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறவியிலிருந்தே அப்படி. ஒயர்களுக்கு நடுவே வாழ்கிற மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய ஊனம் என்று எண்ணிப் பாருங்கள். பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் அவர் கண்ணுக்கு ஒரே செடியின் அண்ணன் தம்பிகள். கல்யாணமான முதல் மாதத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து டார்ச்சைப் பிடிக்கிற சாக்கில், "அது இல்லங்க, பக்கத்துல இருக்கறது" என்று காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஊர் அவரை ஒரு மெக்கானிக் என்று நினைத்தது. உண்மையில் அவரது காதும் அவளது கண்ணும் சேர்ந்துதான் அந்த ஒரு மெக்கானிக்.

எட்டு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை போயிற்று. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சொற்கள் நனைந்த துணி மாதிரிக் கனத்துத் தொங்கின. காது மட்டும் அப்படியே இருந்தது. மனைவியிடம் மட்டும் மெல்லப் பேசுவார். வேற்று மனிதர் வாசலில் காலை வைத்தால் போதும், வாயை மூடிக்கொண்டு கரண்டியை எடுத்துக்கொள்வார். டங் என்றால் சரி, டங் டங் என்றால் வேண்டாம். லைட்டக்கா தனியாகக் காருக்கு அடியில் புகுந்தாள். ஜன்னல் வழியே அவர் காது அவளுக்குத் துணையாக வந்தது. அந்த எட்டு மாதத்தில் அந்தத் தட்டு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அதனால்தான் இன்று அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது.

நாத்தனார் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்களுக்கு வீடு தேடிப் போய் அலங்காரம் செய்வாள். அவள் கார் ஒரு மாதமாக நடுவழியில் செத்துப்போகிறது. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமிக்கொண்டு கிளம்புகிறது. முதல் பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். இரண்டாவது பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். போன வாரம் ஒரு மணப்பெண் ஈரத் தலையோடு இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டாள். இன்று நான்கு மணிக்கு இன்னொரு பெண் காத்திருப்பாள். இதுவும் தவறினால் தொழிலில் அவள் பெயர் அவ்வளவுதான்.

வேறு போக்கிடம் இல்லாமல்தான் அவள் நேற்று போன் செய்தாள். "வண்டியை மட்டும் காட்டிட்டுப் போயிடறேன் அண்ணி" என்றாள். அந்த 'மட்டும்' எதற்கு என்று லைட்டக்காவுக்குத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன் நாத்தனார் புது வீட்டுக்குக் குடிபோன நாள். அண்ணன் வந்த பிறகுதான் எல்லோருக்கும் சாப்பாடு என்று அவள் சொல்லிவிட்டாள். பத்து மணிக்கு வரவேண்டிய அண்ணன், வழியில் குழந்தைகளோடு நின்றுபோயிருந்த ஒரு வண்டியைப் பார்த்து இறங்கினார். பத்து நிமிஷ வேலை என்று நினைத்துக் குனிந்தவர் நிமிர்ந்தபோது மணி நாலரை. ஐந்து மணிக்குக் கருப்புக் கையோடு வாசலில் போய் நின்றார். பசியில் முகம் வெளுத்துப்போயிருந்த தங்கை, "வண்டியையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்தினாள். அன்றைக்கும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் லைட்டக்காதான். போதுங்க, கிளம்பலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு ஒயர் ஒட்டாமல் கிடந்த ஆத்திரத்தில் அவளும் சொல்லவில்லை.

பக்கவாதம் வந்தபோது தங்கை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நினைவில்லாமல் கிடந்தவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இந்த வீட்டு உள்ளறைக்கு இன்றுவரை வரவில்லை. இன்று காலை ஒன்பது மணிக்கு வந்தவள்கூட முன்னறையைத் தாண்டாமல் கொட்டகைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அங்கிருந்து அண்ணன் கட்டிலுக்கு ஒரு சுவர்தான் தூரம். வண்டி சரியான அடுத்த நிமிஷம் அவள் போய்விடுவாள் என்பது அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் வண்டிதான் சரியாகவில்லையே!

காலையில் லைட்டக்கா நாற்பது தடவை சாவியைத் திருப்பினாள். நாற்பது தடவையும் கிளம்பிற்று. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஓடிப்போகிற கதைதான். உள்ளே போய், "என்னங்க பாக்கறது?" என்று கேட்டாள். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டே, "சாவி… துவாரம்" என்றார். சாவித் துவாரத்தைப் பிரித்து மாட்டியதில் ஒரு மணி நேரம் போயிற்று. அதில் ஒன்றும் இல்லை. அடுத்து, "எர்த்து" என்றார். எர்த் ஒயரை அவிழ்த்துச் சுரண்டி முடுக்கினாள். அதிலும் ஒன்றும் இல்லை. "பம்பு… பாரு" என்றார். புதிதாக மாற்றிய பம்பில் என்ன இருக்கும் என்று கேட்டதற்கு, "பாரு" என்று மறுபடியும் சொன்னார். பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். பம்பு தங்கமாக ஓடியது.

"நாலு மணிக்குள்ள ஆகுமா அண்ணி?" என்றாள் நாத்தனார். "ஆகாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ரெண்டு கடைக்காரங்களும் இதே மாதிரிதான், ஆயிடும் ஆயிடும்னாங்க."

"நான் ஆயிடும்னு சொன்னேனா?"

"சொல்லல. மூஞ்சியைப் பாத்தா ஆகாதுன்னுதான் தோணுது."

"அப்ப என் மூஞ்சிக்கும் ஒரு மேக்கப் போட்டு விடு. நாலு மணிக்குள்ள நல்லாத் தெரியட்டும்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று நினைத்தவளாக உதட்டை மடித்துக்கொண்டாள்.

நண்பகலில் வெயில் ஏறியதும் நாத்தனாரே காரை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு சுற்றினாள். திரும்பும்போது முனையில் இஸ்திரிக் கடைக்கு முன்னால் வண்டி செத்தது. இஸ்திரிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டார்கள். லைட்டக்கா ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினாள். டிக் வந்தது. ஸ்டார்ட்டர் கர்ர் கர்ர் என்று சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

"ரிலேயைப் பாக்கறேங்க!" என்றாள் ஜன்னலை நோக்கி.

டங். டங்.

"இப்ப டிக் வந்துச்சு, சரி. ஆனா வண்டி பிடிக்கலையே! பிளக்குக்குக் கரண்டே வரல!"

டங். டங்.

வாதாடிக்கொண்டே, மின்சாரம் அளக்கிற மீட்டரை எடுக்க முன்னறைக்குப் போய் வந்தாள். வந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பி அழகாக ஓடியது. ஆறிவிட்டது!

லைட்டக்கா ஸ்பேனரைத் தரையில் எறிந்தாள். அது உருண்டுபோய் நாத்தனாரின் செருப்பில் இடித்து நின்றது.

"என் மேல எறியணும்னா நேராவே எறியுங்க" என்றாள் நாத்தனார் எழுந்துகொண்டு. "நான் வந்ததே தப்பு. வேற யாரையாவது கூப்பிட்டுக்கறேன். உங்க வீட்டுக்காரருக்கு என் வண்டியைச் சரி பண்ண இஷ்டம் இல்ல. அன்னிக்கு ரோட்டுல நின்ன யாரோ ஒருத்தன் வண்டிக்கு நாள் முழுக்க உழைச்சாரு. என் வண்டிக்கு ரெண்டு தட்டுத் தட்டறதோட சரி."

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

லைட்டக்கா குனிந்து ஸ்பேனரை எடுத்தாள். அந்த மனிதர் காலையில் என்ன பாடுபடுத்தினார் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? ஆறு மணிக்கே முகச்சவரம் செய்துவிடச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். கட்டிலைக் கொட்டகைச் சுவரோடு ஒட்டித் தள்ளிப்போடச் சொன்னார். எல்லாம் முடிந்து, "அவளை உள்ள கூட்டிட்டு வரட்டுமாங்க?" என்று அவள் கேட்டபோது, இழுத்த வாயை இடக்கையால் மூடிக்கொண்டு தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"உக்காரும்மா. இன்னும் அரை மணி நேரம் குடு" என்றாள். "வெயில்ல ஓடினாத்தான் நிக்குது, ஆறினா ஓடுது. எங்கயோ சூடு ஏறுது. அந்தச் சூட்டை நான் இங்கயே ஏத்திக் காட்டணும். அடுப்பையா கொண்டு வந்து வைக்க முடியும்?"

நாத்தனார் ஒரு கணம் யோசித்தாள். பிறகு டிக்கியைத் திறந்து, தன் அலங்காரப் பெட்டியிலிருந்து ஒரு டிரையரை எடுத்து நீட்டினாள். "கல்யாணப் பொண்ணு தலைய அஞ்சு நிமிஷத்துல காய வைக்கும். கையில பட்டா தோல் கழண்டுடும். இது போதுமா?"

லைட்டக்கா அவளைப் பார்த்தாள். இப்படி யோசிக்க இந்தக் குடும்பத்து ஆட்களால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டாள். வாய்விட்டு, "நீயே பிடி. எனக்கு ரெண்டு கையும் வேணும்" என்றாள்.

இன்ஜினை ஓடவிட்டார்கள். நாத்தனார் ஓட்டுநர் இருக்கையில் அரைகுறையாகச் சாய்ந்துகொண்டு, டாஷ்போர்டுக்குக் கீழே அந்தப் பச்சைப் பெட்டிக்கு அனல் காட்டினாள். "சாதாரணமா பொண்ணுங்ககிட்ட, சூடா இருந்தா சொல்லும்மான்னு கேப்பேன். இதுகிட்ட என்ன கேக்கறது?" என்றாள்.

"அதுகிட்ட நான் கேக்கறேன்" என்று சொல்லி லைட்டக்கா மீட்டரின் ஒரு முனையை ரிலேக்கு மின்சாரம் வருகிற காலிலும், பிறகு இன்ஜினுக்குப் போகிற காலிலும் மாற்றி மாற்றி வைத்தாள். உள்ளே வருவது பதினாலு வோல்ட். வெளியே போவது பன்னிரண்டு. இரண்டு நிமிஷம் ஆயிற்று. வருவது பதினாலு, போவது பத்து. ரிலே பொரிகிற எண்ணெய் மாதிரி மிக மெல்லியதாக ஒரு சத்தம் போட்டது. போவது ஏழு. போவது நாலு. இன்ஜின் இரண்டு முறை தும்மிவிட்டுச் செத்தது.

"மாட்டிக்கிட்ட!" என்று கத்தினாள் லைட்டக்கா. சாவியைத் திருப்பினாள். டிக் என்றது. சுத்தமான டிக். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பொரிகிற சத்தமும் வந்தது. "பாத்தியா, டிக்னு ஒட்டுது, ஆனா கரண்ட்டை விட மாட்டேங்குது. உள்ள பொட்டு கருகிப்போயிருக்கு."

"சத்தம் மட்டும் வருது, காரியம் நடக்கல. எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க."

லைட்டக்கா சிரிக்கவில்லை. அவள் மறுபடி சாவியைத் திருப்பிக் கேட்டாள். டிக், ஸ்ஸ்ஸ். கவனித்துக் கேட்டால் அவளுக்கே கேட்கிறது. சுவரோடு ஒட்டிப் படுத்திருக்கிற அந்தக் காதுக்குக் கேட்காதா? தெருவில் போகிற வண்டியின் எந்தச் சக்கரத்தில் காற்று குறைவு என்று சொல்கிற காது. நண்பகலில் வண்டி செத்து வந்து நின்றபோது இதே சத்தம்தானே வந்திருக்கும்?

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையைக்கூடத் துடைக்காமல் முன்னறையைக் கடந்து, திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளறைக்குள் போனாள்.

அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காது சுவரில் பதிந்திருந்தது.

"ரிலேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள், குரலை அடக்கிக்கொண்டு.

அவர் இடக்கையால் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"எப்ப தெரிஞ்சுது? சொல்லுங்க."

"மத்தியானம்" என்றார். சற்றுப் பொறுத்து, "காலையிலயே… சந்தேகம்."

"அப்புறம் ஏங்க? சாவித் துவாரம், எர்த்து, பம்புன்னு என்னை நாய் மாதிரி ஓட விட்டீங்க! முதுகு போச்சு. முழங்கை போச்சு. இவ என் கையாலாகாத்தனத்தைப் பாத்துச் சிரிக்கறா. எட்டு மாசமா உங்க காதை நம்பித்தாங்க நான் காருக்கு அடியில படுக்கறேன்! நீங்களே பொய் சொன்னா நான் யாரை நம்பறது?"

அவர் முகத்தைத் திருப்பினார். நன்றாக இருந்த கண்ணிலிருந்து நீர் நேராக இறங்கியது. இழுத்துக்கொண்ட பக்கத்துக் கண்ணீர் வழி தெரியாமல் மூக்கோரம் தேங்கி நின்றது.

"சரி பண்ணிட்டா…" என்றார். மூச்சு வாங்கினார். "போயிடுவா."

லைட்டக்கா நின்றுகொண்டே இருந்தாள். திட்டுவதற்கு அவளிடம் இன்னும் நாற்பது வார்த்தைகள் மீதி இருந்தன. அவற்றை விழுங்கிக்கொண்டு அப்போதுதான் கையைத் துடைத்தாள். ஒரு தங்கையின் குரலைக் கேட்பதற்காகத் தன் வாழ்நாள் பெயரையே ஒருவர் பணயம் வைத்திருக்கிறார்! அதுவும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு. கூப்பிட்டால் வரப்போகிறவளைக் கூப்பிட மனமில்லாமல். எப்பேர்ப்பட்ட குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கொட்டகைக்குத் திரும்பியபோது மணி இரண்டே முக்கால். ஹாரன் ரிலேயைப் பிடுங்கி இதன் இடத்தில் செருகினால் போதும், வண்டி இன்றைக்கு ஓடிவிடும். அதை அவள் சொல்லவில்லை. இந்த வீட்டில் எல்லோரும் பொய் சொல்லும்போது அவள் மட்டும் என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பெண்ணா?

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு, "புது ரிலே உள்ளறையில இருக்கு. கட்டிலுக்குக் கீழ ஒரு தகர டப்பா. பச்சை கலர்ல ஒண்ணு இருக்கும், போய் எடுத்துட்டு வா" என்றாள்.

"நானா? நீங்களே எடுத்துட்டு வாங்களேன்."

"இந்த ஒயரை விட்டா மறுபடி பிடிக்க அரை மணி ஆகும். மணி என்ன பாரு. பொண்ணு தலையை நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்."

அவள் பிடித்திருந்தது ஒயரே இல்லை, கால்மிதியின் ஓரம். நாத்தனார் அதைப் பார்க்கவில்லை. டிரையரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. திரை வளையங்கள் கிறீச்சென்றன.

லைட்டக்கா அந்த இருட்டில் மல்லாந்து கிடந்தபடி காதைத் தீட்டிக்கொண்டாள். தகர டப்பா தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. மூடி திறந்தது. உள்ளே உலோகம் ஒன்றோடொன்று உரசியது.

அப்புறம் அந்தக் குரல் வந்தது. எட்டு மாதமாக மனைவியைத் தவிர யாரும் கேட்டிராத, நனைந்து கனத்த குரல்.

"இதுல… எது பச்சை?"

லைட்டக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த டப்பாவில் பச்சை ரிலே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இருட்டில்கூட அவர் கைக்குத் தட்டுப்படட்டும் என்று அதன் தலையில் நூலைக் கட்டி முடிச்சுப் போட்டு வைத்தவளே அவள்தான். அவருக்கும் அது தெரியும்.

"இன்னுமா உனக்குத் தெரியல?" என்றது நாத்தனாரின் குரல். குரல் உடைந்துபோயிருந்தது. "ஸ்கூல்ல இலைக்கெல்லாம் சிவப்பு அடிச்சிட்டு அடி வாங்கினியே. உன் கலர் பென்சில்ல ஒண்ணொண்ணா பேர் எழுதி வெச்சேனே. இது பச்சைண்ணா. இது சிவப்பு. இது…"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கொட்டிற்று பாருங்கள்! ஆறு வருஷக் கோபம். "அன்னிக்கு நீ பத்து மணிக்கு வந்திருந்தா என்ன? எல்லாரும் எங்க உன் அண்ணன், எங்க உன் அண்ணன்னு கேட்டாங்க. நான் என்ன பதில் சொல்ல முடியும்? சாத்தின கதவை ஒரு தடவை தட்டியிருக்கலாம்ல? ஒரே ஒரு தடவை! திறக்கமாட்டேன்னா நினைச்ச? கதவுக்குப் பின்னாடியேதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

டங்.

"இப்ப தட்டு! நல்லாத் தட்டு!"

"ரிலே வருதா, இல்லையா?" என்று கத்தினாள் லைட்டக்கா கொட்டகையிலிருந்து. மணி மூன்றே கால். நடக்கவேண்டியது நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தும் அவளுக்கு எரிச்சல் அடங்கவில்லை. நாள் முழுக்கத் தரையில் கிடந்தவள் அவள். ரெண்டு பேரும் அழுது தீர்க்கிறார்கள். அவளுக்காக அழ யார் இருக்கிறார்கள்?

நாத்தனார் சிவந்த மூக்கோடு வந்து, நூல் முடிச்சோடு இருந்த பச்சை ரிலேயைக் கொடுத்தாள். முடிச்சைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை. லைட்டக்கா அதைச் செருகினாள். இன்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிஷம் டிரையரால் வாட்டினார்கள். வருவது பதினாலு, போவது பதினாலு. முள் அசையவில்லை. பழைய ரிலேயை உடைத்துப் பார்த்தபோது, உள்ளே இரண்டு பொட்டுகளும் கரித்துண்டு மாதிரி இருந்தன.

"இனிமே நிக்காதில்ல அண்ணி?" என்றாள் நாத்தனார், முன்னறையில் கைப்பையை எடுத்துக்கொண்டு.

"நிக்காது."

"நின்னா கொண்டு வரட்டுமா?"

"அதான் நிக்காதுங்கறேனே."

நாத்தனார் வாசல்படியில் தயங்கினாள். "சரி. அப்ப… அண்ணன்கிட்ட நான் கிளம்பறேன்னு சொல்லிடுங்க."

அவ்வளவுதான். லைட்டக்காவுக்குக் காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "சொல்ல மாட்டேன்! அவர் தட்டறதை உனக்குச் சொல்லி, நீ முறைக்கறதை அவருக்குச் சொல்லி, நடுவுல நின்னு நான்தான் கருகிப்போயிட்டேன். அவருக்கு வாய்தான் கோணல், காது நல்லா இருக்கு. உனக்கும் வாய் இருக்கு. எதுன்னாலும் நீயே சொல்லிக்க. நின்னாத்தான் வரணும்னு இந்த வீட்ல யாரும் சட்டம் போடல!"

நாத்தனார் திரையைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். பிறகு கையிலிருந்த டிரையரின் கைப்பிடியால் கதவுச் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது. டங். டங்.

"போக வேண்டாமாம்" என்றாள் லைட்டக்கா. சொல்ல மாட்டேன் என்று சொல்லி அரை நிமிஷம் ஆகவில்லை.

"எனக்கே புரியுது" என்றாள் நாத்தனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "அண்ணா! நாலு மணிக்குப் பொண்ணு காத்திருக்கு. நாளைக்குக் காலைல வர்றேன். பத்து மணிக்கு. நான் சொன்னா சொன்ன நேரத்துக்கு வருவேன், உன்னை மாதிரி இல்ல."

டங்.

அவள் படியிறங்கினாள். லைட்டக்கா கதவைச் சாத்தக் கையை நீட்டுவதற்குள், வெளியிலிருந்து அவளே பிடியைப் பிடித்து மெல்ல இழுத்துச் சாத்தினாள். கதவு சட்டத்தில் பொருந்திய சத்தம் லைட்டக்காவுக்குக் கேட்கவில்லை. உள்ளே இருந்தவருக்குக் கேட்டிருக்கும்.